எண்ணுவோர் வருமுன் எண்ணிப் பார்ப்போம்



இடம்பெயர்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டிலே, கூரை மரத்தில் சொருகி வைத்திருக்கும் பொலித்தீன் பையை அவிழ்த்துப் பார்த்தால் அதற்குள் என்ன இருக்கும் என்பதை நாம் அறிவோம். முகாமில் கொடுத்த பங்கீட்டு அட்டை இருக்கும். சுனாமிக்குப் பின்னர் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி இருக்கும். ஏதோ ஒரு நிறுவனம் வீடு பார்க்க வந்து கொடுத்துச் சென்ற இலக்கத் துண்டு இருக்கும். பெயரும் பிறந்த திகதியும் பிள்ளைகளின் தொகையும் மீண்டும் மீண்டும் எழுதப்பட்ட கடதாசிகள் இவை. அந்தக் குடும்பத்தின் இருபது முப்பது வருட வரலாறு அந்தப் பைக்குள்தான் அடங்கியிருக்கிறது.

கல்முனைக்கு அண்மையில் ஓர் ஊரில் முதியவர் ஒருவர் தமது பையை எம்முன் அவிழ்த்துப் பரப்பிவிட்டுச் சொன்னார்: "பாதர், என்னை எண்ணாத ஆள் இல்லை. முகாமில எண்ணினாங்க. சுனாமிக்கு எண்ணினாங்க. இப்ப அஸ்வெசுமவுக்கும் எண்ணினாங்க. என்ட வயல மட்டும் ஒருத்தரும் எண்ணல்ல."

பல கருத்தரங்குகளில் நாம் கேளாத ஓர் உண்மையை அம்முதியவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஒரு சிறிய கிராமத்தின் தேவைகள் எவை, அங்கு அபிவிருத்திக்கான வாய்ப்புக்கள் எவை என்பதை மதிப்பிடும் வேலையைப்பற்றி இவ்விதழிலே சில கருத்துக்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். இது உத்தியோகத்தர்களுக்கு மட்டுமுரிய விடயம் என எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். எது கேட்கப்படுகிறதோ அதுவே எழுதப்படும். எது எழுதப்படுகிறதோ அதுவே கொடுக்கப்படும். கேட்கப்படாதது காலப்போக்கில் இல்லாததாகிவிடும். உங்கள் காணியும் அவ்வாறு இல்லாததாகிவிடலாம் என்பதே எமது அச்சம்.

எமது பிழை

மற்றவர்களைக் குறை கூறுமுன் எம்மை நாமே சோதித்துப் பார்ப்பது முறையாகும். திருச்சபையின் பணியாளர்களாகிய நாமும் படிவங்களோடு கிராமங்களுக்குச் சென்றவர்களே.

பல வருடங்களுக்கு முன் மீளக்குடியேறிய ஒரு கிராமத்தில் "உங்களுக்கு என்ன தேவை?" என்று வீடு வீடாகக் கேட்டோம். பெரும்பாலானோர் நீரிறைக்கும் இயந்திரம் என்றார்கள். எமக்குப் பெரும் திருப்தி. மக்கள் கேட்டதையே கொடுக்கிறோம் என்ற பெருமையோடு இயந்திரங்களைக் கொடுத்தோம். ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அவற்றுட் பல அடகிலே இருந்தன, சில கைமாறியிருந்தன.

மக்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று எம்மில் சிலர் சினந்தார்கள். ஆறுதலாக இருந்து பேசியபோதுதான் விடயம் தெரிந்தது. அயற் கிராமத்துக்கு வேறொரு நிறுவனம் அதற்கு முதல் மாதம் இயந்திரம் கொடுத்திருந்தது. ஆகவே நாம் கொடுக்கக்கூடியதும் அதுவே என மக்கள் எண்ணினார்கள். அவர்களுடைய மேட்டுநிலத்துக்கு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படவில்லை. யானைகள் வரும் வழியும் அதுவே. பயிர் வைக்க அஞ்சினார்கள். பழைய கடனைத் திருப்பிக் கேட்டு வந்த வியாபாரி, வீட்டில் விலைபோகக்கூடிய ஒரே பொருளான இயந்திரத்தைக் கொண்டுபோனார். காணிப் பத்திரமும் யானை வேலியும் கடனும்தான் அவ்வூரின் தேவைகளாக இருந்தன. அவற்றுள் ஒன்றைப்பற்றியாவது எமது படிவத்தில் கேள்வி இருக்கவில்லை.

பையோடு வருபவரிடம், பையில் இருக்கும் என்று தாம் நினைப்பதையே மக்கள் கேட்பார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. கேட்கத் தெரியாத எமது குற்றமே அது.

கடலுக்கும் வயலுக்கும் இடையில்

எமது கரையோரத்தின் அமைப்பை அறியாமல் இங்கு எந்த மதிப்பீடும் சரிவராது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாகத் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றையடுத்து ஒன்று நெருங்கிக் கிடக்கின்றன. வீடு கடற்கரையில், வயலோ மேற்கே. போடியாரும் முல்லைக்காரரும் வட்டவிதானையும் மேற்கே வட்டைக்குப் போய்க் காவல் கிடந்து, சூடடித்து, நெல்லோடு கிழக்கே திரும்பும் வாழ்க்கையே இக்கரையோரத்தின் பழைய வாழ்க்கை.

ஆகவே இங்கு ஒரு விவசாயி இடம்பெயராமலே இடம்பெயர்ந்தவராக முடியும். அவருடைய வீடு அதே வீதியில் இருக்கும். வயலுக்குப் போகும் வழி மட்டும் மூடப்பட்டிருக்கும். யுத்த காலத்தில் நிகழ்ந்தது இதுவே. 1986 பெப்ரவரியில் உடும்பன்குளத்தில் வயல் வேலையில் இருந்த தமிழ் விவசாயிகள் கொல்லப்பட்டார்கள். 1990இல் வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழ் மக்கள் தாக்கப்பட்டார்கள்; அதே ஆகஸ்ட் மாதத்தில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். அதன்பின் இரு சமூகத்து விவசாயிகளும் மேற்கே செல்ல அஞ்சினார்கள். காணிகள் காடாயின. காடான காணியை வன பரிபாலனத் திணைக்களமோ வேறு திணைக்களமோ தனது எல்லைக்குள் அடக்கிக்கொண்ட இடங்களும் உண்டு. வேறு ஆட்கள் பிடித்துப் பயிர் செய்த இடங்களும் உண்டு. 2009இல் யுத்தம் முடிவடைந்து, உரியவர் திரும்பிப் போனபோது, "இது உன் காணி என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்ற கேள்வியே அவரை வரவேற்றது. 1990இல் பொத்துவில் கனகர் கிராமத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள், தமது காணிக்காக 2018இலும் வீதியோரத்தில் அமர்ந்து போராட வேண்டியிருந்ததை யாவரும் அறிவர்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பலிகொண்டது அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என அரசாங்கம் முதலில் அறிவித்து, பின்னர் அதைத் தளர்த்தியது. கல்முனைப் பகுதியில் 200 மீற்றரை விட்டால் அடுத்து இருப்பது இன்னொருவருடைய வீடு. அதற்கும் அப்பால் வயல். எனவே வயலை நிரப்பி வீடு கட்டும் வேலை தொடங்கியது. வீடிழந்தவனுக்கு வீடு வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் வயலை நிரப்பினால் மழைக்காலத்தில் வெள்ளம் வடியும் வழி எது என்று அவ்வூர் வட்டவிதானையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா?

கேளாமல் விட்டதன் விலை சில வேளைகளில் உயிராக இருக்கிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் மேவிய வீதியால் சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, மதரஸா மாணவர்கள் உட்படப் பலர் மாண்டார்கள். கடும் மழைக்கு அவ்வீதியில் வெள்ளம் மேவிப் பாய்வது அப்பகுதி மக்கள் அறியாத விடயமன்று. அறிந்தவர்களின் அறிவு திட்டமாக மாறவில்லை என்பதே எமது துயரம்.

யாரிடம் கேட்கிறோம்?

மதிப்பீட்டாளர் ஊருக்கு வந்தால் முதலில் யாரைச் சந்திக்கிறார்? கிராம உத்தியோகத்தரை, சங்கத் தலைவரை, பள்ளிவாசல் நம்பிக்கையாளரை, கோயில் வண்ணக்கரை, எம்மைப் போன்ற குருமாரை. இவர்கள் யாவரும் மதிப்புக்குரியவர்களே. ஆயினும் இவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பிரதான வீதிக்கு அருகில் இருப்பவர்கள். மூன்று வேளை உண்பவர்கள். ஒழுங்கையின் கடைசி வீட்டிலிருக்கும் விதவையிடம் எவர் போகிறார்?

எமது கிழக்கு மாகாணத்தில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் ஒரு பழைய வழக்கம் உண்டு. பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வளவும் எழுதப்படும்; மணமுடித்த ஆண் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். உம்மாவின் வீடு மகளுக்கு, மகளின் வீடு பேத்திக்கு என்று அது போய்க்கொண்டிருக்கும். கணவன் இறந்தாலும், விட்டுப்போனாலும், பெண்ணுக்குத் தலைக்குமேல் ஒரு கூரை இருந்தது. சுனாமிக்குப் பின்னர் வந்த படிவங்களோ "குடும்பத் தலைவர் பெயர்" என்று கேட்டன. ஆணின் பெயர் எழுதப்பட்டது. புதிய வீடும் காணியும் பல இடங்களில் ஆணின் பெயருக்கே போயின. தலைமுறை தலைமுறையாகப் பெண் வழியில் இருந்த ஆதனம், படிவத்தின் ஒரு வரியினால் கைமாறியது. எவரும் தீய நோக்கத்தோடு இதைச் செய்யவில்லை. ஊரின் வழக்கத்தைக் கேட்டறியாமல் கொழும்பிலே அச்சடித்த படிவம் செய்த வேலை இது.

அரச காணிகளுக்குரிய 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலும், பின்னுரிமையாளர் நியமிக்கப்படாதவிடத்து ஆண் வாரிசுக்கே முன்னுரிமை என்ற ஒழுங்கு நீண்டகாலம் இருந்து, 2022இலேயே திருத்தப்பட்டது. எனவே அனுமதிப்பத்திரக் காணி உள்ள குடும்பங்கள், பின்னுரிமையாளர் பெயர் பதியப்பட்டுள்ளதா, பெண்பிள்ளைகளின் உரிமை என்ன என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் இன்றே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

2023இல் ஆரம்பித்த அஸ்வெசும நிவாரணத்தையும் எண்ணிப் பாருங்கள். வறுமையைப் புள்ளிகளாக மாற்றிக் கணக்கிட்டார்கள். நாடு முழுவதிலும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் குவிந்தன. ஒரு வீட்டில் என்ன பொருள் இருக்கிறது என்று எண்ணுவது இலகு. அந்தப் பொருள் யாருடைய கடனில் இருக்கிறது என்பதைக் கேட்க நேரமும் பொறுமையும் வேண்டும்.

கல்லோயா கற்பித்த பாடம்

"படிப்பறிவு குறைந்த மக்களால் எப்படித் தேவைகளை மதிப்பிட முடியும்? திட்டமிடல் நிபுணர்களின் வேலை" என்று சிலர் கூறக்கூடும். அவர்களுக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. எமது மாவட்டத்திலேயே நடந்த ஒன்றை எடுத்துக் காட்டலாம்.

பட்டிப்பளை ஆற்றை மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் கட்டப்பட்ட கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. முப்பது வருடங்களில் அதன் இடதுகரை வாய்க்கால்கள் பாழடைந்தன. மேல்மடைக்காரர் வேண்டியமட்டும் நீரை எடுக்க, கடைமடை காய்ந்தது. விவசாயிகளுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் இடையிலோ நம்பிக்கையே இல்லை. அதைத் திருத்தும் வேலை தொடங்கியபோது, 1981இல், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகள் முப்பத்திருவரை ஒழுங்கமைப்பாளர்களாக அனுப்பின. அவர்கள் அலுவலகத்தில் இருக்கவில்லை. கிராமத்திலேயே தங்கினார்கள். வரம்பிலும் வாசலிலும் ஒவ்வொரு விவசாயியையும் தனித்தனியே சந்தித்து, "உங்கள் வாய்க்காலில் என்ன பிரச்சினை?" என்று கேட்டார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று சங்கம் அமைப்பதில் அவசரப்படவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து, அவர்களால் உடனே செய்யக்கூடிய வேலையை முதலில் செய்யச் சொன்னார்கள்.

அந்த வருடம் குளத்தில் நீர் குறைவு. சண்டை மூளும் என்றே பலரும் எண்ணினார்கள். நடந்தது வேறு. விவசாயிகள் கூலியில்லாமல் வாய்க்காலைத் துப்புரவு செய்தார்கள். முறைவைத்து நீர் பாய்ச்சினார்கள். மிஞ்சிய நீரைக் கடைமடைக்கு விட்டார்கள். மேல்மடையில் இருந்த சிங்கள விவசாயிகள் கீழே இருந்த தமிழ் விவசாயிகளையும் நினைத்து நீர் விட்ட செய்தியை, இவ்வேலையோடு தொடர்புபட்டிருந்த பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் 1992இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார். இனக்கலவரங்கள் நாட்டை எரித்துக்கொண்டிருந்த காலம் அது என்பதை மறக்கலாகாது.

குறையும் இல்லாமலில்லை. ஒழுங்கமைப்பாளர்களுக்கு நிரந்தர நியமனம் இல்லாமையால் பெரும்பாலானோர் வேறு தொழில் கிடைத்ததும் விலகிப் போனார்கள். ஆனாலும் பாடம் தெளிவானது: தன்னிடம் ஒருவர் வந்து ஆறுதலாகக் கேட்டபோது விவசாயி தன் தேவையை மட்டும் சொல்லவில்லை, தான் செய்யக்கூடியதையும் சொன்னான்.

இதற்கு எதிர்மாறான உதாரணமும் எம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டது. விளைச்சல் வீழ்ந்தது, நெல் விளைவித்தவனே அரிசி வாங்கக் கடை வாசலில் நின்றான். சேதனப் பசளை நல்லதா, கெட்டதா என்பது வேறு விவாதம். வயலில் நிற்பவனிடம் ஒரு வார்த்தை கேளாமல் செய்யப்பட்ட தீர்மானம் அது என்பதே இங்கு நாம் சொல்ல வருவது.

நாமே செய்யக்கூடிய மதிப்பீடு

எனவே எமது கருத்து இதுதான்: எண்ணுவோர் வரும்வரை காத்திராமல், உங்கள் கிராமத்தின் மதிப்பீட்டை நீங்களே முதலில் செய்து வையுங்கள். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு கொப்பி, சில மாலை வேளைகள், ஒரு சாக்குப் புளியங்கொட்டை போதும்.

முதலாவதாக, நிலத்திலே படம் வரையுங்கள். பள்ளிவாசல் முற்றத்திலோ கோயில் வெளியிலோ முதியவர்களை அழைத்து, மணலில் கோடு கீறி, உங்கள் வட்டைகள், பழைய குளம், வாய்க்கால், வண்டிப் பாதை, மையவாடி, சுடலை, எல்லை மரங்கள் யாவற்றையும் குறியுங்கள். வட்டைகளின் பழைய பெயர்களை எழுதுங்கள். பெயர் மறந்த காணி உரிமை மறந்த காணியாகிவிடும். வரைந்ததைக் கொப்பியில் பிரதிசெய்து, முதியவர்களிடம் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ பெறுங்கள். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும்.

இரண்டாவதாக, கடதாசிகளைப் பட்டியலிடுங்கள். உறுதி, அனுமதிப்பத்திரம், ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, உரமானியப் பற்றுச்சீட்டு என எது இருந்தாலும் எழுதி, பிரதியை வெவ்வேறு மூன்று இடங்களில் வையுங்கள். ஒரு வெள்ளம், ஒரு தீ எல்லாவற்றையும் கொண்டுபோகக் கூடாது. பத்திரம் தொலைந்தவர்கள் மனம் தளர வேண்டாம். பதியப்பட்ட உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம். 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி விவசாயக் காணிகளின் பதிவேடு கமநல சேவை நிலையத்தில் வைக்கப்படுகிறது. அதில் உங்கள் பெயர் இருக்கிறதா, வேறு பெயர் ஏறியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். யுத்தத்தினால் காணியை விட்டுப் போனவருக்கு எதிராக, காலம் கடந்த ஆட்சியின் பேரில் இன்னொருவர் உரிமை கோருவதைத் தடுப்பதற்கென 2016இல் விசேட சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதில் வழக்கிடுவதற்குக் கால எல்லையும் இருந்தது. அச்செய்தி உரிய காலத்தில் எட்டாத குடும்பங்கள் எத்தனையோ! எனவே சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குத் தனியாகப் போகாமல் ஊராகச் சேர்ந்து போய் விசாரியுங்கள்.

மூன்றாவதாக, வருடத்தின் பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாகக் கீறி, பெரும்போகம் எப்போது, சிறுபோகம் எப்போது, எம்மாதத்தில் கடன் வாங்குகிறோம், எம்மாதத்தில் நகை அடகுக்குப் போகிறது, எப்போது வீட்டில் அரிசி இல்லை, எப்போது காய்ச்சல் வருகிறது என்று குறியுங்கள். விதைப்புக்குக் கடன் கொடுத்தவரே அறுவடையில் நெல்லுக்கு விலை வைப்பவராகவும் இருக்கிறாரா? அவ்வாறாயின் நெல் விலையைப்பற்றி நீங்கள் எவ்வளவு பேசினாலும் பயனில்லை. கடனில் இருந்தே பேச்சைத் தொடங்கவேண்டும்.

நான்காவதாக, தேவைகளை வரிசைப்படுத்துங்கள். இங்குதான் புளியங்கொட்டை உதவும். காணிப் பத்திரம், யானை வேலி, குடிநீர், வீதி, விதைநெல், பாடசாலை என ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் கீறி, ஆளுக்குப் பத்துக் கொட்டை கொடுத்து, முக்கியமென எண்ணுவதில் போடச் சொல்லுங்கள். ஆண்கள் வேறாக, பெண்கள் வேறாக, இளைஞர் வேறாகச் செய்யுங்கள். பின்னர் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்கள் வாய்க்காலில் குவித்திருக்க, பெண்கள் மலசலகூடத்திலும் கிணற்றிலும் குவித்திருப்பார்கள். மணற்பாங்கான எமது கரையோரத்தில், நெருங்கிய வளவுகளில், கிணற்றுக்குப் பக்கத்தில் மலக்குழி இருப்பதன் ஆபத்தை நீர் அள்ளுபவர்களே அறிவார்கள்.

ஐந்தாவதாக, வராதவர் யார் என்று எழுதுங்கள். இன்னும் வேறு மாவட்டத்தில் இருக்கும் குடும்பம், மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன தாய், நடக்க இயலாதவர், கடன் வெட்கத்தால் கூட்டத்துக்கு வராதவர் என இவர்களுடைய வீட்டுக்கு இருவர் போய்க் கேட்டுவரவேண்டும்.

இறுதியாக எழுதியதை எல்லோர் முன்னிலையிலும் உரத்து வாசியுங்கள். வாசிக்கப்படாத அறிக்கை எழுதியவனின் சொத்து. வாசித்து ஒப்புக்கொண்ட அறிக்கையே ஊரின் சொத்து. இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. செல்வாக்குள்ளவர் முன்னால் உட்கார்ந்தால் மற்றவர்கள் மௌனமாவார்கள். போடியாரும், சங்கத் தலைவரும், ஏன், குருவானவரும் அன்றைய தினம் பின்வாங்கில் இருப்பது நல்லது.

தேவைகள் மட்டுமா?

தேவைகளை மாத்திரம் எழுதினால் அது கையேந்தும் பட்டியலாகிவிடும். எம்மிடம் உள்ளவற்றையும் எழுதவேண்டும். நெல் விளைவிக்கும் அறிவு எமது கையில் இருக்கிறது. அதை விதைநெல்லாக உற்பத்தி செய்து விற்கலாமா? மாடு வைத்திருப்போர் பாலைத் தனித்தனியே விற்காமல் சேர்ந்து தயிராக்கலாமா? மருதமுனையின் கைத்தறி நெசவு நாடறிந்தது. நூலை ஒன்றாகக் கொள்வனவு செய்தால் இலாபம் யாருக்குப் போகும்? பத்துக் குடும்பங்கள் சேர்ந்து நெல்லைக் காயவைத்து இரண்டு மாதம் களஞ்சியத்தில் வைத்திருக்க முடிந்தால், அறுவடைக் கால விலைக்கு அடிபணிய வேண்டியதில்லை. இவை சிறிய காரியங்கள்தான். ஆனால் எமது கைக்குள் அடங்கும் காரியங்கள்.

பெரிய திட்டங்கள் வரும்போது அவற்றைக் கேள்வி கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. வாயிலை மணல் மூடியது. அயலே கரையைக் கடல் அரித்து, தென்னைகளும் கரைவலை இழுக்கும் இடங்களும் போயின. மணல் எம்மாதத்தில் எத்திசைக்கு ஓடும் என்பதைக் கரைவலைக்காரர் தலைமுறையாக அறிவார்கள். அந்த அறிவுக்குத் திட்டவரைபடத்தில் உரிய இடம் கிடைத்திருக்க வேண்டும்.

ஒரே வாய்க்கால்

கடைசியாக, சொல்வதற்குக் கடினமான ஒன்று. எமது பகுதியில் ஒரே காணிக்கு இரு சமூகத்தவரும் உரிமை கோரும் இடங்கள் உண்டு. தமிழ்க் கிராமம் தனியாகவும் முஸ்லிம் கிராமம் தனியாகவும் மதிப்பீடு செய்தால், இரு அறிக்கைகளும் ஒன்றையொன்று வெட்டும். அதிகாரிகள் இரண்டையும் ஒதுக்கி வைப்பார்கள். அக்கரைப்பற்றுக்கு அண்மையில் நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்கென 500 வீடுகள் கட்டப்பட்டன. எந்த நிலம், யாருக்கு, எந்த விகிதம் என்ற பிணக்கு முதலில் தீர்க்கப்படாமையால் விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2009இல் பகிர்ந்தளிப்பு நின்றது. வீடிழந்த மக்கள் பார்த்திருக்க, கட்டிய வீடுகள் ஆண்டுக்கணக்கில் பற்றைக்காடாகக் கிடந்தன. இதில் வென்ற சமூகம் எது?

எனவே உங்கள் ஊர்ப் படத்தை வரைந்து முடித்ததும், எல்லையில் இருக்கும் மற்றச் சமூகத்து ஊரவர்களை அழைத்து அதைக் காட்டுங்கள். இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் காணிகளை ஒரு நிறத்திலும், பிணக்குள்ளவற்றை வேறு நிறத்திலும் குறியுங்கள். பிணக்குள்ள காணியில் இரண்டு பெயர்களையும் எழுதுங்கள். அவ்வாறு செய்தால் பிணக்கு இல்லாத பெரும்பகுதிக்கு இருசாராரும் சேர்ந்து குரல் கொடுக்கலாம். ஒரே வாய்க்காலில் நீர் எடுப்பவர்கள், பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்கள், இதைச் செய்ய முடியாதா? கூடிக் கலந்தாலோசித்தலை இஸ்லாம் ஷூரா என்று போற்றுகிறது. மனிதன் தன் முன்னேற்றத்துக்குத் தானே பொறுப்பாளி என்பதைப் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1967இல் "மக்களின் முன்னேற்றம்" என்ற சுற்றுமடலில் வலியுறுத்தினார். எமது மார்க்கங்கள் எம்மைத் தடுக்கவில்லை. எமது பயமே தடுக்கிறது.

விவிலியத்தில் இரு சம்பவங்களை நாம் அடிக்கடி தியானிப்பதுண்டு. நாடுகடத்தப்பட்ட மக்களின் நகருக்குத் திரும்பிய நெகேமியா, எவருக்கும் திட்டம் எதையும் அறிவிக்குமுன், இரவிலே சிலரோடு புறப்பட்டு இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். அதன் பின்னரே மக்களைக் கட்ட அழைத்தார். எரிக்கோவின் அருகே வழியோரத்தில் கூவியழைத்த பார்வையற்றவனிடம், அவனுக்கு என்ன குறை என்பது எவருக்கும் தெரிந்திருந்தும், தான் அவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசு கேட்டார். கேட்பதே அவனை மனிதனாக மதிப்பதாகும்.

எம்மைப் போன்றோர் இனி உங்கள் வாசலுக்குப் படிவத்தோடு வந்தால், முதலில் இருக்கச் சொல்லுங்கள். ஒரு கோப்பை தேநீர் கொடுங்கள். பின்னர் உங்கள் கொப்பியை எடுத்து வந்து, "உங்கள் கேள்விகளுக்கு முன் எங்கள் கணக்கைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அந்தக் கொப்பியின் முதலாம் பக்கத்தில் உங்கள் வயலின் பெயர் இருக்கட்டும். பையை அவிழ்த்துக் காட்டிய அந்த முதியவருக்கு நாம் இன்னும் கடன்பட்டிருக்கிறோம். அவருடைய வட்டையின் பெயரை அன்று நாமும் எழுதிக்கொள்ளவில்லை. இவ்விதழோடு அவரிடம் மீண்டும் போக எண்ணியிருக்கிறோம், கையில் ஒரு வெற்றுக் கொப்பியோடு.